மீட்டர் 3.3 வோல்ட் காட்டுகிறது, போர்டு ஏன் ரீசெட் ஆகிறது?

பம்புசெட் ஓடத் தொடங்கும் நொடியில் வீட்டுப் பல்பு சட்டென்று மங்கி மறுபடி தெளிவதைப் பார்க்காதவர்கள் குறைவு. எலக்ட்ரீஷியனைக் கேட்டால் "லோடு இழுக்குதுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பிரெட்போர்டு என்ற துளைப் பலகையில் ஒயர்களைச் செருகி சர்க்யூட் கட்டப் பழகுகிறவர்களைப் பாடாய்ப் படுத்தும் கோளாறுகள் பலவற்றுக்கும் விடை அந்த ஒரு வரிக்குள்ளேயே இருக்கிறது. வோல்டேஜ் டிராப் என்பார்கள். பாடப்புத்தகத்தில் மின்னழுத்த வீழ்ச்சி. பத்தாம் வகுப்பிலேயே படித்த ஓம் விதிதான். ஆனால் பரீட்சைக்குப் படித்ததை மேசைமேல் இருக்கும் ஒயரில் பொருத்திப் பார்க்க யாரும் சொல்லித் தருவதில்லை.

வழக்கமாக நடப்பதை எடுத்துக்கொள்வோம். ஈஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள சின்ன கண்ட்ரோலர் போர்டு ஒன்று, அதோடு எஸ்ஜி90 என்ற சின்ன நீலநிற சர்வோ மோட்டார். போன் சார்ஜரிலிருந்து யூஎஸ்பி கேபிள் வழியாக போர்டுக்கு மின்சாரம் போகிறது. போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து சர்வோவுக்குப் போகிறது. புரோகிராம் ஏற்றியாயிற்று, வைஃபை இணைகிறது, எல்லாம் சரி. சர்வோவைத் திருப்பச் சொன்னதும் அது ஒரு உதறு உதறிவிட்டு நிற்கிறது. போர்டு முதலிலிருந்து தொடங்குகிறது. மறுபடி உதறல், மறுபடி ரீசெட். இதையே லேப்டாப்பில் செருகிப் பார்த்தால் போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் சீரியல் மானிட்டரில் 'பிரவுன்அவுட்', அதாவது வோல்டேஜ் போதவில்லை என்று ஒரு வரி ஓடும்.

மல்டிமீட்டரை எடுத்து 3.3 வோல்ட் பின்னில் வைத்தால் 3.30 என்று காட்டுகிறது. அப்புறம் என்ன, "வோல்டேஜ் சரியாத்தானே இருக்கு" என்று புரோகிராமில் கை வைப்பார்கள். லைப்ரரியை மாற்றுவார்கள். போர்டையே மாற்றுவார்கள். கடைசியாக 1 ஆம்பியர் சார்ஜரைத் தள்ளிவிட்டு 3 ஆம்பியர் சார்ஜர் வாங்குவார்கள். புது சார்ஜரிலும் அதே உதறல்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. சர்வோ சும்மா இருந்தபோது அளந்தீர்கள். அந்த நேரத்து வோல்டேஜை அது காட்டியது. நமக்குத் தெரியவேண்டியது சர்வோ இழுக்கும் நேரத்து வோல்டேஜ்.

ஒயரும் ஒரு ரெசிஸ்டர்தான்

சர்க்யூட் படத்தில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ் என்று வைத்துக்கொள்கிறோம். படத்துக்கு அது போதும். நிஜ ஒயருக்கு மின்தடை உண்டு, செருகும் இடத்துக்கு உண்டு, ஸ்விட்ச்சுக்கு உண்டு, ஃப்யூஸுக்கு உண்டு. ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட கணக்கின்படி, மின்தடை உள்ள எதன் வழியாகக் கரண்ட் போனாலும் அங்கே கொஞ்சம் வோல்டேஜ் செலவாகும். எவ்வளவு என்றால், கரண்ட் பெருக்கல் மின்தடை. கரண்ட் இல்லையென்றால் செலவும் இல்லை. லோடு இல்லாமல் அளந்தால் எல்லாம் அழகாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது அந்த ஈஎஸ்பி32 போர்டுக்கு வரவு செலவு போட்டுப் பார்ப்போம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் மீதி எல்லாம் இதன் கிளைகள்தான்.

மலிவான யூஎஸ்பி கேபிள்களில் மின்சாரம் போகும் ஒயர் பெரும்பாலும் 28 கேஜ். அமெரிக்க கேஜ் கணக்கில் அதன் விட்டம் 0.32 மில்லிமீட்டர், ஒரு மீட்டருக்கு மின்தடை சுமார் 0.21 ஓம். கேபிள் நீளம் ஒன்றரை மீட்டர் என்றால் கரண்ட் ஒன்றரை மீட்டர் மட்டும் போவதில்லை. சிவப்பு ஒயரில் போய்க் கருப்பு ஒயரில் திரும்ப வேண்டும். ஆக மூன்று மீட்டர், 0.64 ஓம். புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் விடுகிற இடம் இந்தத் திரும்பும் வழிதான்.

சர்வோ ஓடத் தொடங்கும்போது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 0.7 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஈஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும்போது கால் ஆம்பியரை ஒட்டி இழுக்கும். இரண்டும் ஒன்றாக வந்தால் ஏறத்தாழ 1 ஆம்பியர். கேபிளில் மட்டும் 0.64 வோல்ட் போய்விட்டது. சார்ஜரில் 5.0 இருந்தால் போர்டின் வாசலில் 4.36.

உள்ளே வந்தால் பெரும்பாலான போர்டுகளில் யூஎஸ்பி வழியில், கரண்டை ஒருபக்கம் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டையோடு இருக்கும். அது சுமார் 0.4 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3.96. அடுத்து 3.3 வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டர். பல போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 வகை ரெகுலேட்டருக்கு, வெளியே கொடுப்பதைவிட உள்ளே சுமார் 1.1 வோல்ட் கூடுதலாக வேண்டும். 3.3 கொடுக்க 4.4 வேண்டும், நம்மிடம் இருப்பது 3.96. ஆக வெளியே வருவது 2.86 வோல்ட். ஈஎஸ்பி32 மாடியூலுக்குக் குறைந்தபட்சம் 3.0 வேண்டும் என்கிறது டேட்டாஷீட். சர்வோவின் முதல் இழுப்பு இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்தாலோ, கேபிளின் செருகுமுனை தளர்ந்திருந்தாலோ இன்னும் கீழே விழும். ஒரு எல்லைக்கு மேல் இறங்கியதும் சிப்புக்குள் இருக்கும் பிரவுன்அவுட் காவல் விழித்துக்கொண்டு ரீசெட் செய்துவிடுகிறது. தவறான கணக்கைப் போட்டு எதையாவது கெடுப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்று அதை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

சர்வோ சும்மா இருக்கும்போது இதே கணக்கைப் போடுங்கள். 0.1 ஆம்பியர் என்றால் கேபிளில் 0.06, டையோடில் 0.25 என்று போனாலும் ரெகுலேட்டருக்கு 4.69 கிடைக்கிறது. 3.30 கச்சிதமாக வெளியே வருகிறது.

3 ஆம்பியர் சார்ஜர் ஏன் உதவவில்லை என்பதும் இப்போது விளங்கும். அந்த 3 ஆம்பியர் என்பது சார்ஜரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதற்கான எல்லை. அது கேபிளின் மின்தடையைக் குறைக்காது. கேபிள் பழையதேதான். 24 கேஜ் ஒயர் உள்ள கேபிளாக மாற்றினால் மீட்டருக்கு 0.084 ஓம், அதே ஒன்றரை மீட்டரில் கால் வோல்ட்தான் போகும். அரை மீட்டர் கேபிள் என்றால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. சில கேபிள்களின் உறைமேலேயே கேஜ் எண்ணை அச்சிட்டிருப்பார்கள், வாங்கும்போது பாருங்கள். எண் சிறிதாக இருந்தால் ஒயர் தடிமன்.

அதைவிட நல்ல வழி, சர்வோவின் கரண்ட் போர்டு வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்வது. 5 வோல்ட் சப்ளையின் முனையிலிருந்தே இரண்டு ஜோடி ஒயர் எடுங்கள். ஒரு ஜோடி சர்வோவுக்கு, ஒரு ஜோடி போர்டுக்கு. சர்வோ தன் ஒயரில் எவ்வளவு வோல்டேஜைச் செலவழித்தாலும் அது போர்டின் ஒயரைத் தொடாது. சர்வோவின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் அந்த சப்ளை முனையில் சேர்ந்திருக்கட்டும். சேராவிட்டால் சிக்னல் ஒயரில் போர்டு அனுப்புவது சர்வோவுக்குப் புரியாது.

கிரவுண்ட் எல்லா இடத்திலும் பூஜ்யம் இல்லை

மேலே சொன்னதில் பிளஸ் பக்கத்தைப் பெரும்பாலோர் சட்டென்று ஒப்புக்கொள்வார்கள். கிரவுண்ட் என்று வந்தால் மட்டும் நம்பமாட்டார்கள். கிரவுண்ட் என்றால் பூஜ்யம், அவ்வளவுதானே என்பார்கள். பூஜ்யம் என்பது நாம் ஒரு புள்ளிக்கு வைத்துக்கொண்ட பெயர். அந்தப் புள்ளியிலிருந்து ஒயர் வழியாக நகர்ந்தால், கரண்ட் ஓடும்வரை பூஜ்யமும் நகரும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எல்எம்35 வெப்பநிலை சென்சார். ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும். 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட். இதை ஆர்டுயினோ ஊனோ என்ற கண்ட்ரோலர் போர்டில், வோல்டேஜை அளக்கும் அனலாக் பின்னில் கொடுக்கிறோம். சென்சாரின் கிரவுண்டையும் சர்வோவின் கிரவுண்டையும் பிரெட்போர்டில் ஒரே வரிசையில் செருகி, அங்கிருந்து ஒரே ஒரு கருப்பு ஜம்பர் ஒயரை ஆர்டுயினோவின் கிரவுண்டுக்குக் கொண்டுபோகிறோம். பத்தில் ஒன்பது பேர் இப்படித்தான் இணைப்பார்கள், பார்க்கவும் நேர்த்தியாக இருக்கும்.

அந்த ஒரு ஜம்பரும் அதன் இரண்டு செருகுமுனைகளும் சேர்ந்து 0.1 ஓம் என்று வைப்போம். சர்வோ 0.7 ஆம்பியர் இழுக்கும்போது அந்தக் கரண்ட் முழுவதும் இந்தக் கருப்பு ஜம்பர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். 70 மில்லிவோல்ட். அதாவது பிரெட்போர்டின் கிரவுண்ட், ஆர்டுயினோவின் கிரவுண்டைவிட 70 மில்லிவோல்ட் மேலே ஏறி நிற்கிறது. பிரெட்போர்டு கிரவுண்டை நம்பி உட்கார்ந்திருக்கும் சென்சாரும் அதோடு ஏறுகிறது. ஆர்டுயினோ தன் சொந்தக் கிரவுண்டிலிருந்து அளப்பதால் 300-க்குப் பதில் 370 தெரிகிறது. 30 டிகிரி அறை, சர்வோ திரும்பும் நேரத்தில் மட்டும் 37 டிகிரி ஆகிவிடுகிறது.

சென்சார் மோசம், சைனா சரக்கு என்று திட்டுவதும், சராசரி எடுக்கும் புரோகிராம் எழுதுவதும் இந்த இடத்தில்தான். சென்சாரின் கிரவுண்டுக்குத் தனியாக ஒரு ஜம்பரை ஆர்டுயினோவுக்கே நேராகக் கொண்டுபோய், சர்வோவின் கிரவுண்டை சப்ளை முனைக்கே அனுப்பிவிட்டால் அந்த 7 டிகிரி காணாமல் போகும். பெரிய கரண்ட் திரும்பும் வழியில் சின்ன சிக்னலின் கிரவுண்டை நிறுத்தாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதைத்தான்.

பீப் சத்தத்தை நம்பாதீர்கள்

சரி, ஒயரில் மின்தடை இருக்கிறது. மல்டிமீட்டரில் ஓம் அளவில் வைத்து அளந்துவிடலாமே? முடியாது. 0.1 ஓமைத் தேடுகிறோம். மலிவு மீட்டரின் ப்ரோப் ஒயர்களே 0.2 அல்லது 0.3 ஓம் இருக்கும். இரண்டு ப்ரோப்பையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், பூஜ்யம் வராது. கன்டினியூட்டி பீப் இன்னும் மோசம். பல மீட்டர்களில் 30, 50 ஓம் இருந்தால்கூட பீப் அடிக்கும். பீப் அடித்தால் ஒயர் அறுந்துபோகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அந்த ஒயர் ஒரு மோட்டாருக்குக் கரண்ட் சுமக்குமா என்பதை அது சொல்லாது.

வோல்டேஜ் அளப்பதிலும் இதே பொறி உண்டு. மீட்டரின் உள்தடை பத்து லட்சம் ஓமோ ஒரு கோடி ஓமோ இருக்கும். அது இழுக்கும் கரண்ட் கணக்கில் கொள்ள முடியாத அளவு. பச்சை பிடித்த ஒரு கனெக்டர் 100 ஓம் தடையோடு இருந்தாலும், 12 வோல்ட் பேட்டரிக்கு மீட்டர் 12 என்றே காட்டும். அதே முனையில் 1 ஆம்பியர் இழுக்கவேண்டிய 12 வோல்ட் பல்பை மாட்டினால் பல்புக்கு ஒன்றரை வோல்ட்கூட வராது. ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகும் டெஸ்ட் லாம்ப்பை விடாமல் வைத்திருப்பது பழக்க தோஷம் இல்லை. பல்பு லோடு போட்டுப் பார்க்கிறது, மீட்டர் போடுவதில்லை.

ஆகவே வேலை செய்யும் முறை இது: லோடு போட்டு, ஒயரின் இரண்டு முனைக்கும் நடுவே வோல்டேஜை அளப்பது. கிரவுண்டிலிருந்து அளக்க வேண்டாம். ஒரே ஒயரின் இந்த முனையில் ஒரு ப்ரோப், அந்த முனையில் இன்னொன்று. மீட்டர் 200 மில்லிவோல்ட் அளவில் இருக்கட்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரிலும் இந்த அளவு உண்டு, 0.1 மில்லிவோல்ட்வரை காட்டும். ஓம் அளவில் கண்ணுக்கே தெரியாத 0.1 ஓம், அரை ஆம்பியர் ஓடும்போது 50 மில்லிவோல்ட்டாகப் பளிச்சென்று வந்து நிற்கும். இரண்டு முனைகளும் உண்மையில் ஒரே ஒயரா என்பதை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் தொட்டுவிட்டால் மீட்டர் அளவைத் தாண்டி '1' என்று காட்டும்.

லோடுக்கு சர்வோவையே நம்ப வேண்டாம். அது இழுப்பதும் விடுவதுமாக இருக்கும், மீட்டர் எண் நிற்காது. 10 ஓம், 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். 5 வோல்ட்டில் மாட்டினால் நிலையாக அரை ஆம்பியர் இழுக்கும். இரண்டரை வாட் சூடு வரும். சில நிமிடத்தில் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும். பிரெட்போர்டின் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் உயரத் தூக்கி வையுங்கள்.

ஒரு சின்ன உதாரணம். 5 வோல்ட் அடாப்டர், அங்கிருந்து பிரெட்போர்டுக்கு ஒரு சிவப்பு ஜம்பர், பிரெட்போர்டின் மறுகோடியில் நம் ரெசிஸ்டர். ரெசிஸ்டரின் இரு கால்களில் அளந்தால் 4.55 வோல்ட்தான். கிட்டத்தட்ட அரை வோல்ட்டை ஏதோ விழுங்குகிறது. அடாப்டர் முனையிலேயே அளந்தால் 4.98. ஆக அடாப்டர் குற்றவாளி இல்லை. போகும் வழியிலும் வரும் வழியிலும் சேர்த்து 430 மில்லிவோல்ட் போகிறது. இனி துண்டு துண்டாக. அடாப்டர் பிளஸ் முதல் பிரெட்போர்டில் ஜம்பர் செருகிய துளைவரை: 35. அந்தத் துளை முதல் அதே சிவப்பு வரிசையின் மறுகோடிவரை மீட்டர் 200 அளவைத் தாண்டுகிறது, அடுத்த அளவுக்கு மாற்றினால்: 340. நின்று பார்க்கவேண்டிய இடம் இதுதான். ஒரே உலோகப் பட்டை என்றால் இவ்வளவு போகக்கூடாது. உற்றுப் பார்த்தால் வரிசையின் நடுவே சிவப்புக் கோடு ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கும். நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் மேலும் கீழும் ஓடும் இந்தப் பவர் வரிசைகள் நடுவில் இரண்டாக வெட்டப்பட்டிருக்கும். அதை இணைக்க யாரோ போட்ட குட்டி ஜம்பரின் முனைதான் தளர்ந்திருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு நல்ல ஒற்றைக்கம்பி ஒயர்த் துண்டு ஒன்றை அழுத்திச் செருகினால் 340 என்பது 20-க்கு இறங்கும். மீதி 55 கிரவுண்ட் பக்கத்தில், அது பரவாயில்லை.

ஜம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவு ஜம்பர்களில் பலவற்றின் உள்ளே சுத்தமான செம்பு இருக்காது, செம்பு பூசிய வேறு உலோகம்தான். உறையை உரித்து உள்கம்பியைக் காந்தத்தில் ஒட்டிப் பாருங்கள், சிலது ஒட்டும். சிக்னலுக்கு அது போதும், எல்இடிக்கும் போதும். மோட்டாருக்கு வேண்டாம். மோட்டாருக்குப் பிரெட்போர்டே வேண்டாம் என்பது என் கட்சி. ஸ்க்ரூ டெர்மினலில் முறுக்கிவிட்டால் பாதி வம்பு தீர்ந்தது.

230 வோல்ட் பக்கத்தில் இந்த முறையைப் பழகாதீர்கள். ப்ரோப் ஒருமுறை வழுக்கினால் போதும். இங்கே பேசுவதெல்லாம் பேட்டரி, அடாப்டர் பக்கத்து விஷயம்.

மீட்டர் கண்ணுக்குத் தெரியாத சரிவு

மேலே பார்த்தது நிதானமான கரண்ட். ஆனால் சரிவு சில நேரம் ஒரு மில்லிசெகண்டில் வந்து போய்விடும். மல்டிமீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும், அதுவும் சராசரி. ஒரு மில்லிசெகண்ட் பள்ளம் அதில் தெரியாது. ஆஸிலாஸ்கோப் இருந்தால் பார்த்துவிடலாம். இல்லாதவர்கள் சிப்பையே கேட்கலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட குறுகிய இழுப்புகளுக்குத்தான் கபாசிட்டர். சிப்புக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் மின்னூட்டத்தை வைத்திருந்து, ஒயர் வழியாக வந்து சேரும்வரை தாங்குவது அதன் வேலை. இரண்டு வகையாகப் போடுவார்கள், இரண்டும் வேறு வேறு நோய்க்கு.

'104' என்று எழுதிய சின்ன செராமிக் கபாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட். பத்துக்குப் பின் நான்கு பூஜ்யம் போட்டு பிகோஃபாரட் என்று படிக்க வேண்டும், அதுதான் 104. டிஜிட்டல் சிப் ஒவ்வொரு கிளாக் துடிப்பிலும் சில நானோசெகண்டுக்குக் கரண்டைச் சுண்டி இழுக்கும். அவ்வளவு வேகத்தில் ஒயரின் மின்தடை ஒரு பொருட்டே இல்லை, கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் அதன் இண்டக்டன்ஸ்தான் முட்டுக்கட்டை. ஒரு சென்டிமீட்டர் ஒயருக்குத் தோராயமாக 10 நானோஹென்றி. 15 சென்டிமீட்டர் ஜம்பரில் 5 நானோசெகண்டுக்குள் 50 மில்லிஆம்பியர் ஏற வேண்டுமென்றால் ஒயர் ஒன்றரை வோல்ட் கேட்கும். ஆகவே 104-ஐ சிப்பின் பவர் பின்னுக்கும் கிரவுண்ட் பின்னுக்கும் இடையே, கால்களைக் குட்டையாக வெட்டி, ஒட்டியே வைக்க வேண்டும். பிரெட்போர்டின் மூலையில் அழகுக்குச் செருகிவைத்த 104 இருந்தும் இல்லாததுதான்.

இன்னொன்று பெரிய எலக்ட்ரோலிடிக் கபாசிட்டர், 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட். இது மோட்டார், வைஃபை போன்றவற்றின் இழுப்புக்கு. எவ்வளவு தாங்கும் என்பதற்குக் கணக்கு எளிது: கரண்டை நேரத்தால் பெருக்கி, கபாசிட்டர் அளவால் வகுத்தால் எத்தனை வோல்ட் இறங்கும் என்று வரும். அரை ஆம்பியரை 1 மில்லிசெகண்டுக்கு 1000 மைக்ரோஃபாரட் மட்டுமே சுமந்தால் அரை வோல்ட் இறங்கும். 470 என்றால் ஒரு வோல்ட். இதிலிருந்தே தெரியும், சர்வோ அரை விநாடி ஓடுவதை எந்தக் கபாசிட்டராலும் சுமக்க முடியாது. 'பெரிய கபாசிட்டர் போடுங்க, சரியாயிடும்' என்ற அறிவுரையால் சிலருக்குச் சரியாவதும் சிலருக்கு ஆகாததும் இதனால்தான். முதல் உதறலை மட்டும் தாங்கினால் போதும் என்ற சர்க்யூட்டில் அது பிழைக்கவைக்கும். ஒயரே மெல்லிசாக இருந்தால் ஒன்றும் செய்யாது. ஒயரைச் சரிசெய்துவிட்டுக் கபாசிட்டர் போடுங்கள், அதுதான் வரிசை. எலக்ட்ரோலிடிக்கில் பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. மாற்றிப் போட்டால் வெடிக்கும். 5 வோல்ட்டுக்கு 10 அல்லது 16 வோல்ட் என்று எழுதியதை வாங்குங்கள்.

பேட்டரியில் ஓடும் சர்க்யூட் என்றால் ஒயரோடு பேட்டரியின் உள்தடையும் சேரும். சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மோட்டாருக்குப் போடுவது வீண் வேலை. நல்ல ஆல்கலைன் என்றாலே ஒன்று முதல் இரண்டு ஓம், தீரத் தீர இன்னும் ஏறும். மலிவான ஜிங்க் கார்பன் இன்னும் மோசம். ஸ்மோக் டிடெக்டர் போலச் சில மைக்ரோஆம்பியர் இழுப்பவற்றுக்குத்தான் அது பொருத்தம். மோட்டாருக்கு நான்கு ஏஏ செல் எவ்வளவோ மேல்.

வோல்டேஜ் டிராப் இல்லை என்றால்

எல்லா ரீசெட்டும் இதனால் வருவதில்லை. ரிலே ஆன் ஆகும்போது ரீசெட் ஆனால் கரண்டைச் சந்தேகியுங்கள். 5 வோல்ட் நீல ரிலேயின் காயில் 70 மில்லிஆம்பியர்தான் இழுக்கும் என்பதால் அதற்கே சப்ளை தடுமாறினால் ஒயர் ரொம்ப மோசம் என்று அர்த்தம். ஆஃப் ஆகும்போது ரீசெட் ஆனால் கதை வேறு. காயிலில் ஓடிய கரண்ட் சட்டென்று நிற்கச் சம்மதிக்காமல் பெரிய வோல்டேஜை எழுப்பும். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றை, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்கும்படி வைத்தால் அது அடங்கும். ரெடிமேட் ரிலே மாடியூல்களில் பெரும்பாலும் இது ஏற்கெனவே இருக்கும்.

சிப்பையே கேட்கலாம் என்றேனே, அது இதுதான். ஈஎஸ்பி32-இல் ரீசெட்டுக்கான காரணத்தைக் கேட்டு வாங்கும் ஃபங்ஷன் உண்டு. புரோகிராமின் முதல் வரியிலேயே அதைப் படித்து அச்சிட்டால் பிரவுன்அவுட்டா, புரோகிராம் உறைந்தால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கா, புதிதாகப் பவர் வந்ததா என்று தெரிந்துவிடும். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பிலும் இதற்கென ஒரு ரிஜிஸ்டர் இருக்கிறது. ஆனால் நம் புரோகிராமுக்கு முன்னால் ஓடும் பூட்லோடர் முந்திக்கொண்டு அதை அழித்துவிடுவது உண்டு என்பதால் அங்கே கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அதே சிப்பால் தனக்குள் இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை அளந்து, தனக்கு வரும் சப்ளை எவ்வளவு என்று திருப்பிக் கணக்குப் போடவும் முடியும். சர்வோவைத் திருப்புவதற்கு முன்னும் திருப்பும்போதும் அந்த எண்ணைப் பதிந்து பார்த்தால், மீட்டர் காட்டாத சரிவில் ஒரு பகுதியாவது கையில் கிடைக்கும்.

காரணம் பிரவுன்அவுட் என்று வந்தால் ப்ரோப்பை எடுத்துக்கொண்டு ஒயர்களிடம் போங்கள். வாட்ச்டாக் என்று வந்தால் சப்ளையை விட்டுவிடுங்கள். புரோகிராமில் எங்கோ ஒரு லூப் வெளியே வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.